துக்க வீட்டில் திருச்சபை



துன்ப நேரத்தில் கிறிஸ்தவ ஆறுதல் என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். பிரசங்க மேடையிலிருந்து இதைப் பற்றிப் பேசுவது எளிது. மருத்துவமனை வராந்தாவிலும், பிணவறை வாசலிலும், அடக்கம் முடிந்து உறவினர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு வெறிச்சோடிக் கிடக்கும் வீட்டிலும் பேசுவது எளிதன்று. அந்த இடங்களை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த உரையை எழுதியிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான்: துன்பத்துக்குக் காரணம் சொல்லும் பொறுப்பு திருச்சபைக்குத் தரப்படவில்லை. துன்பப்படுகிறவரோடு தங்கியிருக்கும் பொறுப்பு தரப்பட்டிருக்கிறது. முதலாவதைச் செய்யும் ஆசையில் இரண்டாவதை நாம் பலமுறை கைவிட்டிருக்கிறோம்.

யோபுவின் நண்பர்கள்

துன்பத்தைப் பற்றித் திருமறை பேசும் இடங்களில் முதலில் நினைவுக்கு வருவது யோபுவின் நூல். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்களை நாம் வழக்கமாகக் கண்டித்தே பேசுகிறோம். ஆனால் அவர்கள் தொடக்கத்தில் செய்ததை இரண்டாம் அதிகாரத்தில் பாருங்கள். செய்தி கேட்டவுடன் தங்கள் ஊர்களிலிருந்து கிளம்பி வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தபோது ஆளை அடையாளம் தெரியவில்லை. கதறி அழுகிறார்கள். பிறகு ஏழு பகல், ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவனுடைய துயரம் மிகப் பெரியது என்று கண்டு ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

யோபு வாய் திறந்து தன் பிறந்த நாளைச் சபித்ததும் நிலைமை மாறுகிறது. அந்த வேதனைச் சொற்களை அவர்களால் தாங்க முடியவில்லை. கடவுள் நீதியுள்ளவர், ஆகவே இவன் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். அவர்களுடைய வாதங்களில் பக்தியும் உண்டு, அழகான கவிதையும் உண்டு. இவற்றில் எதுவும் யோபுவுக்கு உதவவில்லை. கடைசி அதிகாரத்தில் கடவுள் எலிப்பாசை நோக்கி, என் ஊழியனாகிய யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்ற பொருளில் கடிந்துகொள்கிறார். கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் குற்றவாளிகள் ஆகிறார்கள். கடவுளோடு வழக்காடியவன் சரியாகப் பேசினான் என்று தீர்ப்பாகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யோபுவின் துன்பத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது முதல் இரண்டு அதிகாரங்களைப் படித்த நமக்குத் தெரியும். யோபுவுக்குக் கடைசிவரை அது சொல்லப்படவே இல்லை. சுழல்காற்றிலிருந்து பேசிய கடவுள் நான்கு அதிகாரங்கள் பேசுகிறார். காரணம் மட்டும் தரவில்லை. ஆனால் வந்தார், பேசினார். யோபு அதிலே அமைதி பெறுகிறான். அதன் பிறகுதான் அவனுடைய சகோதரர்களும் சகோதரிகளும் அறிந்தவர்களும் வீட்டுக்கு வந்து, அவனோடு உணவருந்தி, ஆளுக்கு ஒரு காசும் ஒரு பொன் அணியும் கொடுத்து ஆறுதல் சொல்கிறார்கள். துக்க வீட்டில் கை நனைப்பதும், இருப்பதைக் கொடுப்பதும் நம் ஊருக்குப் புதிதல்ல. யோபுவின் கதை அப்படித்தான் வீடு திரும்புகிறது.

சீலோவாம் கோபுரமும் நம் கடற்கரையும்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்பின் மறுநாள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளையும், கொளச்சல், கீழமணக்குடி போன்ற ஊர்களின் மீனவக் குடும்பங்களையும் ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போனது. பிள்ளைகளை ஒரே குழியில் சேர்த்துப் புதைக்க வேண்டியிருந்த நாள்கள் அவை. அந்த மணல் காயும் முன்பே விளக்கங்கள் வந்துசேர்ந்தன. பாவத்தின் பலன் என்றார்கள். கடைசிக் காலத்தின் அடையாளம் என்றார்கள். இந்தக் கரை தப்பியது ஜெபத்தால் என்றார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் எப்படிக் கேட்டிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். அவளும் ஜெபித்தவள்தானே!

இந்தக் கேள்வியை இயேசுவிடமே கொண்டுவந்தார்கள். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இரண்டு செய்திகள் பேசப்படுகின்றன. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றது ஒன்று; அது அரச வன்முறை. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தது மற்றொன்று, அது விபத்து. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். மனம் திரும்புங்கள் என்ற அழைப்பை உயிரோடு நிற்கிறவர்களை நோக்கித் திருப்புகிறார். இறந்தவர்களின் கணக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை அவர் எவருக்கும் தரவில்லை. யோவான் 9இல் பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் இரண்டையும் மறுக்கிறார். அதோடு நிற்கவில்லை, குனிந்து சேறு உண்டாக்கி அவன் கண்ணில் பூசுகிறார். சீடர்களுக்கு அவன் ஒரு கேள்வி. இயேசுவுக்கு அவன் ஒரு மனிதன்.

பெத்தானியாவின் இரண்டு சகோதரிகள்

அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா என்று இளம் போதகர்கள் கேட்பதுண்டு. யோவான் 11ஆம் அதிகாரம் அதற்கு விடை தருகிறது. லாசரு இறந்து நான்கு நாளாயிற்று. மார்த்தாள் ஊருக்கு வெளியே வந்து இயேசுவைச் சந்திக்கிறாள். அவர் நேரத்தோடு வந்திருந்தால் சகோதரன் பிழைத்திருப்பான் என்று முறையிடுகிறாள். சற்று நேரத்தில் மரியாளும் வந்து காலில் விழுந்து அதையே சொல்கிறாள். இருவர் முறையீடும் ஒன்றுதான். இயேசுவின் பதில் ஒன்றாக இல்லை.

மார்த்தாளிடம் அவர் பேசுகிறார். உயிர்த்தெழுதலைப் பற்றிக் கிறிஸ்தவம் அறிந்த மிகப் பெரிய உரையாடல்களில் ஒன்று அந்த வழியோரத்தில் நடக்கிறது. அவள் கேள்வி கேட்கிறவள், பதில் சொல்கிறவள். அவளுக்குச் சொல் தேவைப்பட்டது. மரியாளிடம் அவர் உபதேசம் எதுவும் சொல்லவில்லை. அவள் அழுவதையும் கூட வந்தவர்கள் அழுவதையும் கண்டு உள்ளம் கலங்கி, எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டு, அவரும் அழுகிறார். சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்தே அழுகிறார். கண்ணீர் அவிசுவாசத்தின் அடையாளம் என்று இனி யார் சொல்ல முடியும்?

ஆறுதல் சொல்லப் போகிறவர் கற்க வேண்டிய முதல் பாடம் இது. எதிரில் இருப்பது மார்த்தாளா, மரியாளா என்று பார்க்க வேண்டும். அதே ஆளே காலையில் மார்த்தாளாகவும் இரவில் மரியாளாகவும் இருப்பதுண்டு. எல்லா வீட்டுக்கும் ஒரே பிரசங்கத்தோடு போகிறவர் யாரையும் பார்ப்பதில்லை. சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். கடவுளுக்கு அம்மாவை ரொம்பப் பிடித்திருந்ததால் எடுத்துக்கொண்டார் என்று அன்போடுதான் சொல்கிறோம். அதைக் கேட்ட பிள்ளை, அடுத்து அப்பாவையும் அவருக்குப் பிடித்துவிடுமோ என்று பயப்படத் தொடங்குகிறது.

அழுவதற்கு உள்ள உரிமை

துக்க வீடுகளில், விசுவாசிகள் இப்படி அழக் கூடாது என்று அதட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்பதுதான் பவுல் அங்கே சொல்லும் கருத்து. துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நம்பிக்கையோடு துக்கிப்பது என்று ஒன்று உண்டு.

திருமறையே அதற்குப் பழக்கம் தருகிறது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலுமாக இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்பவில்லை. இருளைச் சொல்லியபடியே முடிகிறது. அதையும் வழிபாட்டு நூலில் சேர்த்து வைத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். விடியல் தெரியாத இரவில் இருக்கிறவருக்கும் திருமறையில் ஓர் இடம் அதனால் கிடைத்தது. எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூலின் ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கும் எபிரேய அகரவரிசையில் அமைந்தவை. துயரத்தின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எதையும் விடாமல் சொல்லித் தீர்க்க ஒரு முறை வேண்டியிருந்தது. நம் பாட்டிமார் ஒப்பாரி பாடியபோது இறந்தவரின் பிறப்பு முதல் கடைசி நாள்வரை வரிசையாகச் சொல்லி அழுததும் அதே தேவையிலிருந்துதான். சிலுவையில் தொங்கிய இயேசு தம் கைவிடப்பட்ட நிலையைச் சொல்ல 22ஆம் சங்கீதத்தின் முதல் அடியையே எடுத்துக்கொண்டார். ஆண்டவரே பயன்படுத்திய புலம்பலை அவருடைய பிள்ளைகளுக்கு மறுக்க நமக்கு உரிமை இல்லை.

கெத்செமனேயிலிருந்து ஒரு மருத்துவமனை

கெத்செமனே தோட்டத்தில் ஆறுதல் தேடியவர் இயேசுவே. மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு போய்த் தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர் பருக வேண்டியிருந்த துன்பப் பாத்திரத்தை அவர்களால் அகற்ற முடியாது. நடப்பது என்னவென்று அவர்களுக்குப் புரியவும் இல்லை. அவர் கேட்டது விழித்த கண்களோடு கொஞ்ச நேரம் பக்கத்தில் இருப்பதை. அவர்கள் தூங்கிவிட்டார்கள்.

இந்த ஒரு வேண்டுதலின் மேல் தன் வாழ்நாள் பணியைக் கட்டிய பெண்மணி சிசிலி சாண்டர்ஸ். 1918இல் பிறந்த அவர் முதலில் செவிலியராகவும், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தார். 1948இல் லண்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் தாஸ்மா என்ற போலந்து நாட்டு யூத அகதியோடு பேசிய நாள்கள் அவர் வழியை மாற்றின. சாகிறவர்களுக்கென்று நீங்கள் எழுப்பப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்ற எண்ணத்தோடு தாஸ்மா 500 பவுண்டு எழுதிவைத்தார். அந்த வீட்டை எழுப்பச் சிசிலிக்கு 19 ஆண்டுகள் ஆயின. இடையில் மருத்துவமும் படித்தார். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. உலகெங்கும் பரவியிருக்கும் நவீன வலித் தணிப்புச் சிகிச்சையின் தாய்வீடு அதுதான்.

அவர் செய்ததில் இரண்டை நாம் எடுத்துக்கொள்ளலாம். வலி தாங்க முடியாமல் நோயாளி கெஞ்சிய பிறகு மார்ஃபின் கொடுப்பதே அன்றைய வழக்கம். வலி திரும்புவதற்கு முன்பே, ஒழுங்கான இடைவெளியில் கொடுத்தால் நோயாளி தெளிவோடும் நிம்மதியோடும் இருக்கலாம் என்று அவர் காட்டினார். அடுத்து, வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை. மனம், குடும்பம், பணக்கவலை, ஆன்மா என எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்று விளக்கினார். கெத்செமனேயில் இயேசு கேட்டதை அவர் இப்படிப் புரிந்துகொண்டார்: எல்லாவற்றையும் நம்மால் சரிசெய்ய முடியாது, எல்லாம் நமக்குப் புரியவும் செய்யாது, இருந்தாலும் அங்கே இருக்க வேண்டும்.

உடம்பைக் கவனிப்பது ஆன்மாவைக் கவனிப்பதற்குக் குறைந்த வேலை என்று நினைப்பவர்கள் 1 ராஜாக்கள் 19ஐப் படிக்கட்டும். யேசபேலுக்குத் தப்பி ஓடிய எலியா சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாக வேண்டும் என்று கேட்கிறான். பெரிய தீர்க்கதரிசியே இப்படி மனம் உடையலாமா என்று தேவதூதன் கேட்கவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கவும் விடுகிறான். இரண்டாம் முறையும் ஊட்டுகிறான். மெல்லிய குரல் கேட்டது அதற்குப் பிறகு, வெகுதூரம் நடந்துபோன இடத்தில். மனச்சோர்வில் இருப்பவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று பழிக்காமல், தூக்கம், உணவு, மருத்துவர் என்று வரிசையாக உதவுகிறவர் அந்தத் தூதனின் வேலையைச் செய்கிறார்.

டோனாவூரும் வேலூரும்

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தைத் தொடங்கும்போதே, தாம் பெற்ற ஆறுதலைக் கொண்டு மற்றவர்களுக்கு ஆறுதல் அளிப்பதைப் பற்றிப் பேசுகிறார். வாங்கியவர் கொடுக்கிறார். இதற்கு நம் மண்ணிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு.

அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அம்மையானவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதற்குப் பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறையிலேயே, வலியோடு வாழ்ந்தார். நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதியவை தம் படுக்கையை வந்தடையவில்லை என்பதை அவர் அப்போது உணர்ந்தார். எனவே நோயுற்றவர் நோயுற்றவர்களுக்கு எழுதும் கடிதங்களாக அவர் எழுதியவை 1933இல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூலாயின. தெம்பானவர்களின் அறிவுரை படுத்திருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்பதை நாம் அவரிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் சாட்சி டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே பணியாற்றிய இளம் மருத்துவர். 1954இல் நடந்த வாகன விபத்தில் அவருடைய தண்டுவடம் பாதிக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. முகத்திலும் தழும்பு விழுந்தது. அவரைச் சுற்றியிருந்தவர்கள் விளக்கம் தேடிக்கொண்டிருக்கவில்லை. தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திவந்த டாக்டர் பால் பிராண்ட், கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று வழிகாட்டினார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி வேலூரில் அந்தத் துறையின் தலைவரானார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தண்டுவடம் முறிந்து வந்த ஒரு கூலித் தொழிலாளியின் கட்டிலருகே, அதே முறிவோடு ஒரு டாக்டர் சக்கர நாற்காலியில் வந்து நின்றார். அங்கே பிரசங்கம் தேவைப்படவில்லை.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அவர் இவ்வளவு செய்வதற்காகத்தான் கடவுள் அந்த விபத்தை அனுமதித்தார் என்று நாம் சொல்லத் தொடங்கினால் மறுபடியும் எலிப்பாசின் பக்கம் போய்விடுகிறோம். தன் காயத்துக்குள் தான் கண்டெடுத்த பொருளைச் சொல்லக் காயப்பட்டவருக்கு உரிமை உண்டு. அதை அவர் சார்பில் முன்கூட்டிச் சொல்லும் உரிமை மற்றவர்களுக்கு இல்லை.

நம்பிக்கையின் இடம்

உடனிருப்பது மட்டும் போதுமென்றால் அதற்குக் கிறிஸ்தவம் தேவையில்லை என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. கிறிஸ்தவ ஆறுதலின் ஆணிவேர் உயிர்த்தெழுதல். இறந்தவர்கள் கடவுளின் கையில் இருக்கிறார்கள், சாவுக்குக் கடைசி வார்த்தை இல்லை என்று நாங்கள் நம்புகிறோம். அந்த நம்பிக்கை இல்லையென்றால் கல்லறை வாசலில் நிற்க எனக்குத் தைரியம் வராது.

அந்த நம்பிக்கையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். உயிர்த்த இயேசுவின் உடலில் ஆணித் தழும்புகள் மறைந்துவிடவில்லை. தோமா அவற்றைப் பார்க்கும்படி அழைக்கப்பட்டார். ஈஸ்டர் பெரிய வெள்ளியை அழித்துவிடுவதில்லை, சுமந்துகொண்டு எழுகிறது. ஆகவே உயிர்த்தெழுதலை நம்புகிறவர் துக்கத்தை அவசரப்படுத்தத் தேவையில்லை. முடிவு கடவுளின் பொறுப்பில் இருப்பதால், இன்றைய கண்ணீருக்கு நேரம் ஒதுக்க அவரால் முடியும்.

சபைகள் செய்யக் கூடியவை

முடிக்கும் முன் சபைகளுக்குச் சில வேண்டுகோள்கள்.

துக்க வீட்டில் முதல் மூன்று நாளும் கூட்டம் தாங்காது. ஆறுதல் ஆராதனை முடிந்ததும் எல்லாரும் போய்விடுகிறோம். பாரம் அழுத்துவது அதன் பிறகுதான். முதல் கிறிஸ்துமஸ், திருமண நாள், இறந்தவரின் பிறந்த நாள் ஆகியவற்றைச் சபையின் குறிப்பேட்டில் எழுதிவைத்து அன்றைக்குப் போய் வாருங்கள்.

கணவனை இழந்த பெண்ணுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் அலைய வேண்டும், ரேஷன் அட்டையில் பெயர் மாற்ற வேண்டும், வங்கிக் கணக்கை முடிக்க வேண்டும். இவற்றுக்கு அவளோடு போய் வரிசையில் நிற்கத் தெரிந்த இரண்டு பேர் ஒவ்வொரு சபையிலும் இருக்கட்டும். அந்த வரிசையும் ஊழியக் களம்தான்.

தற்கொலையால் ஒருவரை இழந்த வீட்டை ஒதுக்காதீர்கள். அந்த வாசலில் ஊர் குரலைத் தாழ்த்திப் பேசுகிறது, சபையும் தயங்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டம், தெரிந்தே தன் உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. சட்டம் மாறிய அளவுக்கு நம் மனம் மாறியிருக்கிறதா என்று எல்லாச் சபையினரும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு மணியோசையும் ஜெபமும் பக்கத்து இருக்கையும் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை.

அடிபடும் மனைவியிடம் சிலுவையைச் சுமந்துகொள் என்று சொல்லாதீர்கள். மனிதர் செய்யும் கொடுமைக்கு முதல் ஆறுதல் பாதுகாப்பு. பாதுகாப்பான இடமும் காவல் நிலையமும் வழக்கறிஞரும் அங்கே ஜெபத்தோடு சேர்ந்து வர வேண்டும்.

கடைசியாக, படுத்திருப்பவர்களைப் பெறுகிறவர்களாக மட்டும் நடத்தாதீர்கள். அவர்களிடம் ஜெப விண்ணப்பங்களைக் கொடுங்கள். புதிதாக நோயுற்றவரோடு பேசச் சொல்லுங்கள். சபை முடிவுகளில் அவர்கள் கருத்தைக் கேளுங்கள். டோனாவூரின் அறையும் பாகாயத்தின் சக்கர நாற்காலியும் கொடுத்ததைக் கால் வலுவுள்ள பலரால் கொடுக்க முடியவில்லை.

இறையியல் மாணவர்களே, உங்களுக்குப் பட்டம் கிடைக்கும் நாளில் துன்பத்தைப் பற்றிய பல கோட்பாடுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். மார்த்தாள்கள் உங்களிடம் கேட்பார்கள், பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் கோட்பாட்டோடு முதலில் நுழையாதீர்கள். போய் உட்காருங்கள், கேளுங்கள், அழுகிறவர்களோடு அழுங்கள், செய்ய வேண்டிய வேலையைச் செய்யுங்கள், மறுவாரமும் போங்கள். ஏழு நாள் பேசாமல் இருந்த நண்பர்கள் எட்டாம் நாளிலும் அப்படியே இருந்திருந்தால், யோபு கடவுளோடு வழக்காடிய அந்தக் காலமெல்லாம் அவன் பக்கத்தில் மனிதர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் செய்யத் தவறியதைச் செய்யவே நாம் அழைக்கப்பட்டிருக்கிறோம்.